தொற்றுநோயைக் கண்டறிவதில் டி.என்.ஏ. நானோ தொழில்நுட்பம் – புனே ஆய்வு மரபை முன்வைத்து

முன்னுரை

2021-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் மகாராட்டிர மாநிலம் புனே மாவட்டத்துப் புரந்தர் வட்டத்தைச் சேர்ந்த பேல்சர் என்னும் சிற்றூரில் காய்ச்சல் பரவியது. உடல்வலி, மூட்டுவலி, தோலில் தடிப்பு ஆகியன பலரிடமும் ஒன்றுபோலக் காணப்பெற்றன. புனே நகரிலுள்ள தேசிய நச்சுயிரியல் நிறுவனம் அவ்வூர் மக்களின் குருதியை ஆராய்ந்தபோது ஒரு நோயன்று, மூன்று நோய்கள் அங்கு ஒருங்கே இருந்தமை தெரியவந்தது. பலருக்குச் சிக்குன்குனியா, சிலருக்கு டெங்கு, ஒருவருக்கு ஜிகா. மகாராட்டிரத்தில் ஜிகா நோய் உறுதிசெய்யப்பெற்றது அதுவே முதன்முறையாகும். 2024-ஆம் ஆண்டில் புனே நகரத்திலேயே பலருக்கு அந்நோய் கண்டறியப்பெற்றது. அவர்களுள் கருவுற்ற பெண்களும் இருந்தனர்.

மூன்று நோய்களையும் பரப்புவது ஏடிசு இனக் கொசுவே. தொடக்க நாள்களில் மூன்றின் அறிகுறிகளும் பெரிதும் ஒத்திருக்கும். ஆயின் விளைவுகள் வேறு. டெங்கு முற்றினால் குருதிக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து உயிருக்கே இடர் நேரும். சிக்குன்குனியா மூட்டுவலியைத் திங்கட்கணக்கில் நீட்டிக்கும். ஜிகா பெரும்பாலோருக்குச் சிறு காய்ச்சலாகவே கழிந்துவிடும். கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சியையோ அது சிதைக்கக்கூடும். மூட்டுவலிக்குக் கொடுக்கப்பெறும் சில மருந்துகள் டெங்கு நோயாளியிடம் குருதிப்போக்கை மிகுவிக்கும். ஆகவே, நோயின் பெயரை உரிய காலத்தில் அறிதல் மருத்துவத்தின் முதற்படியாகின்றது.

பெயரறியும் இப்பணி அரிய ஆய்வகங்களில் மட்டும் நிகழும் நிலை மாறி, நோயாளி இருக்குமிடத்திலேயே நிகழவேண்டும் என்பது இன்றைய தேவை. இத்தேவையை நிறைவுசெய்யும் வழிகளுள் ஒன்றாக டி.என்.ஏ. நானோ தொழில்நுட்பம் வளர்ந்துவருகின்றது. அதன் அடிப்படையும் பயனும் வரம்பும் புனே ஆய்வு மரபின் பின்னணியில் இங்கு விளக்கப்பெறுகின்றன.

1. புனேயின் ஆய்வு மரபு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் அமெரிக்க நாட்டின் ராக்பெல்லர் அறக்கட்டளையும் இணைந்து 1952-இல் புனேயில் நச்சுயிரி ஆராய்ச்சி மையத்தை நிறுவின. 1978 முதல் அது தேசிய நச்சுயிரியல் நிறுவனம் என்னும் பெயரைப் பெற்றது. பெயர் தெரியா நோய்களுக்குப் பெயர் காண்பதே தொடக்கம் முதல் அதன் தலையாய பணியாக இருந்துவந்துள்ளது.

1957-இல் அன்றைய மைசூர் மாநிலத்துச் சிமோகா மாவட்டக் காடுகளில் குரங்குகள் மிகுதியாக இறந்தன. அருகிலிருந்த ஊர்மக்களும் கடுங்காய்ச்சலுற்றனர். புனே ஆய்வாளர்கள் அந்நோயின் நச்சுயிரியைப் பிரித்தெடுத்து, அது உண்ணிகளால் பரவுவது என்று நிறுவினர். அதுவே கியாசனூர் காட்டு நோய் எனப்படுகின்றது. நோயுற்றோரின் குருதியைச் சுண்டெலிக் குஞ்சுகளுக்குச் செலுத்தி, அவை நோயுறுகின்றனவா என்று காத்திருந்து பார்ப்பதே அக்காலத்து முறையாகும். விடை கிடைக்க நாள்களும் கிழமைகளும் ஆகும்.

பெயர் தவறினால் நேர்வது யாது என்பதற்குத் தில்லி மஞ்சட்காமாலை தக்க சான்றாகும். 1955–56-இல் யமுனை ஆற்றுக் குடிநீரில் கழிவுநீர் கலந்தமையால் தில்லியில் ஏறத்தாழ 29,000 பேர் காமாலை நோயுற்றனர். அது ‘ஏ’ வகைக் கல்லீரல் அழற்சி என்றே நெடுங்காலம் கருதப்பெற்றது. சேமித்து வைத்திருந்த குருதிநீரைப் புனே ஆய்வாளர்களும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து ஆராய்ந்து, அது ‘ஏ’ வகையன்று, ‘பி’ வகையுமன்று என 1980-இல் அறிவித்தனர். இன்று ‘ஈ’ வகைக் கல்லீரல் அழற்சி எனப்படும் அந்நோய் கருவுற்ற பெண்களுக்கு மிகவும் கொடியது. ஏறத்தாழ 25 ஆண்டுகள் அது வேறொரு நோயின் பெயரால் வழங்கியது.

2001-இல் மேற்கு வங்கத்துச் சிலிகுரியில் 66 பேரைத் தாக்கிப் பெரும்பாலோரைக் கொன்ற மூளைக்காய்ச்சலும் இத்தகையதே. அது நிபா நச்சுயிரியால் விளைந்தது என்னும் ஆய்வு முடிவு 2006-இல்தான் வெளிவந்தது. நோயாளிகளோடு மருத்துவமனைப் பணியாளர்களும் அந்நோய்க்கு ஆளாயினர். பெயர் உடனே தெரிந்திருந்தால் நோயாளியைத் தனிமைப்படுத்தும் முறைகளை முன்னரே மேற்கொண்டிருக்க இயலும்.

2. மூவகைக் கண்டறி முறைகள்

நச்சுயிரி நோய்களைக் கண்டறியும் முறைகளை மூன்றாக வகுக்கலாம். முதலாவது, நச்சுயிரியை உயிருள்ள விலங்கிலோ உயிரணுக்களிலோ வளர்த்துக் காண்பது. இது நம்பகமானது, ஆயின் காலம் மிகும், பாதுகாப்பு ஏற்பாடும் மிகுதியாக வேண்டப்பெறும். கொடிய நச்சுயிரிகளைக் கையாள்வதற்கென நான்காம் நிலை உயிரியற் பாதுகாப்பு ஆய்வகம் புனேயில் 2012-இல் தொடங்கிவைக்கப்பெற்றது.

இரண்டாவது, உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைக் காண்பது. எலிசா எனப்படும் சோதனை இவ்வகையினது. டெங்கு, சிக்குன்குனியா முதலிய நோய்களுக்கான இத்தகு சோதனைப் பொருள்களைப் புனே நிறுவனமே ஆக்கி நாடெங்கும் அனுப்பிவருகின்றது. இம்முறையில் இரு குறைகள் உள. எதிர்ப்பொருள் குருதியில் தெளிவாகத் தோன்றக் காய்ச்சல் கண்டு ஏறத்தாழ ஐந்து நாள் ஆகும். அன்றியும், டெங்குவும் ஜிகாவும் ஒரே குடும்பத்து நச்சுயிரிகளாதலின், ஒன்றுக்கு உண்டான எதிர்ப்பொருள் மற்றொன்றன் சோதனையிலும் பிடிபடுவதுண்டு. முன்னர் டெங்கு கண்ட ஒருவருக்கு ஜிகா வந்துள்ளதா என்பதை இம்முறையால் மட்டும் அறுதியிட்டுக் கூறுதல் அரிது.

மூன்றாவது, நச்சுயிரியின் மரபுப்பொருளையே காண்பது. 1983-இல் அமெரிக்க அறிவியலார் கேரி முல்லிசு கண்ட பி.சி.ஆர். முறை இவ்வகையின் தலைமணி. அதற்காக அவருக்கு 1993-இல் நோபல் பரிசு வழங்கப்பெற்றது. இம்முறை மரபுப்பொருளின் ஒரு பகுதியை இருமடங்கு, நான்மடங்கு, எண்மடங்கு எனப் பெருக்குகின்றது. முப்பது சுற்றுகளில் ஒன்று நூறு கோடிக்கு மேற்படும். ஒவ்வொரு சுற்றிலும் கலவையை 95 பாகை செல்சியசு அளவுக்குச் சூடாக்கிப் பின் குளிர்விக்க வேண்டும். ஆதலின் இதற்குக் கருவியும் மின்சாரமும் பயிற்சி பெற்றோரும் தேவை.

இத்தேவையின் சுமை 2020-இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு சனவரி 30-ஆம் நாள் கேரளத்தில் நாட்டின் முதல் கொரோனா நோயாளி உறுதிசெய்யப்பெற்றபோது குருதி, சளி மாதிரிகள் புனேக்கே செல்ல வேண்டியிருந்தன. மார்ச்சுத் திங்களில் புனேயைச் சேர்ந்த மைலேப் நிறுவனத்தின் பி.சி.ஆர். சோதனைப் பெட்டகம், இந்தியாவில் ஆக்கப்பெற்றவற்றுள் முதலாவதாக ஒப்புதல் பெற்றது. சூன் இறுதிக்குள் நாட்டின் சோதனைக் கூடங்கள் 1,000-ஐக் கடந்தன. விரிவு பெரிதே. எனினும் அவை நகரங்களிலேயே மிகுதியாக அமைந்தன.

3. எழுத்துப் பொருத்தமும் கட்டுமானமும்

டி.என்.ஏ. என்பது அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்னும் நான்கு காரங்களால் இயன்ற நீண்ட இழை. இந்நான்கினையும் நான்கு எழுத்துகளாகக் கொள்ளலாம். அடினின் தைமினோடும், குவானின் சைட்டோசினோடும் இணையும். ஓர் இழையின் எழுத்து வரிசை தெரிந்தால் அதனோடு இணையும் மறு இழையின் வரிசையையும் எழுதிவிடலாம். டெங்கு, ஜிகா, சிக்குன்குனியா ஆகிய மூன்றின் மரபுப்பொருளும் ஆர்.என்.ஏ. ஆகும். அதில் தைமினுக்கு மாற்றாக யுராசில் அமையும். பொருத்த விதி அதுவே.

இருபது எழுத்து நீளமுள்ள ஓர் இழையை நான்கு எழுத்துகளால் ஓர் இலட்சம் கோடிக்கும் மேற்பட்ட வகைகளில் எழுதலாம். ஜிகா நச்சுயிரியின் மரபுப்பொருள் ஏறத்தாழ 10,800 எழுத்துகளைக் கொண்டது. அதில் டெங்கு நச்சுயிரியோடு ஒவ்வாத இருபது எழுத்துகளைத் தெரிந்தெடுத்து, அவற்றுக்கு இணையான இழையை ஆய்வகத்தில் தொகுத்தால், அது ஜிகாவைப் பற்றும், டெங்குவைப் பற்றாது. எதிர்ப்பொருளால் பிரித்தறிய இயலாத இரண்டினை எழுத்து வரிசை பிரித்துக் காட்டுகின்றது.

இப்பொருத்த விதியை மரபுச் செய்திக்காக அன்றிக் கட்டுமானத்திற்காகப் பயன்படுத்தலாம் என்பதே டி.என்.ஏ. நானோ தொழில்நுட்பத்தின் கருத்து. 1982-இல் அமெரிக்க அறிவியலார் நேட்ரியன் சீமன் இதனை முன்மொழிந்தார். ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு ஒரு நானோ மீட்டராகும். டி.என்.ஏ. ஈரிழையின் விட்டம் 2 நானோ மீட்டர். ஓர் எழுத்திணைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 0.34 நானோ மீட்டர். இவ்வளவுகள் மாறாமையால், எழுத்து வரிசையைத் திட்டமிட்டு எழுதினாலே இழைகள் தாமாகக் கூடி வேண்டிய வடிவத்தை அடைகின்றன. 1991-இல் சீமன் குழுவினர் டி.என்.ஏ.யால் கனசதுரம் ஒன்றை அமைத்தனர். 2006-இல் பால் ரோத்மண்டு, ஏழாயிரத்திற்கும் மேற்பட்ட எழுத்துகளையுடைய நீண்ட இழை ஒன்றை இருநூற்றுக்கும் மேற்பட்ட குற்றிழைகளால் தைத்து மடித்து, விண்மீன், சிரித்த முகம் முதலிய வடிவங்களை உருவாக்கினார். காகிதம் மடிக்கும் சப்பானியக் கலையின் பெயரால் இம்முறை டி.என்.ஏ. ஒரிகாமி எனப்படுகின்றது.

4. நோய் காட்டும் டி.என்.ஏ. அமைப்புகள்

இத்தகைய கட்டுமானம் நோய் கண்டறிதலுக்குப் பயன்படும் வழிகள் பல. அவற்றுள் நான்கு இங்குச் சுட்டப்பெறுகின்றன.

முதலாவது, நிறமாற்றம். 1996-இல் சாட் மிர்க்கின் குழுவினர் மிகச்சிறு தங்கத் துகள்களின்மீது டி.என்.ஏ. இழைகளைப் பிணைத்தனர். தனித்தனியே மிதக்கும்போது அத்துகள்கள் செந்நிறம் காட்டும். தேடும் வரிசை மாதிரியில் இருப்பின் அது துகள்களை ஒன்றோடொன்று சேர்க்கும். சேர்ந்தால் நிறம் நீலமாக மாறும். விடையைக் கண்ணாலேயே காணலாம்.

இரண்டாவது, இழைப் பெயர்ச்சி. ஈரிழை ஒன்றின் ஒரு முனையில் இணையற்ற சில எழுத்துகள் நீட்டிக்கொண்டிருக்குமாறு அமைப்பர். நச்சுயிரியின் இழை அம்முனையைப் பற்றிப் படிப்படியாக உள்நுழைந்து, முன்பிருந்த இழையை வெளித்தள்ளும். பூட்டுக்குள் அதற்குரிய திறவுகோல் நுழைவது போன்றது இது. வெளித்தள்ளப்பெற்ற இழை ஒளியையோ நிறத்தையோ தூண்டுமாறு செய்யலாம். 2000-இல் பெர்னார்டு யூர்க் குழுவினர் இம்முறையால் திறந்து மூடும் டி.என்.ஏ. இடுக்கி ஒன்றை அமைத்தனர்.

மூன்றாவது, சங்கிலித் தொடர். கொண்டை ஊசி போல மடிந்த இருவகை இழைகளைக் கலவையில் இடுவர். தேடும் இழை இல்லாதவரை அவை மடிந்தே கிடக்கும். அது வந்து ஒன்றைத் திறந்தால், திறந்த ஊசி மற்றொன்றைத் திறக்கும். அது மீண்டும் முதல்வகையைத் திறக்கும். ஒரு சிறு தூண்டல் நீண்ட சங்கிலியாக வளரும். 2004-இல் டிர்க்சு, பியர்சு ஆகியோர் வெளியிட்ட இம்முறைக்கு நொதியும் வேண்டா. சூடாக்கலும் குளிர்வித்தலும் வேண்டா.

நான்காவது, வடிவப் பொருத்தம். டெங்கு நச்சுயிரியின் மேற்பரப்பில் புரதங்கள் ஓர் ஒழுங்கில் அமைந்துள்ளன. 2019-இல் நியூயார்க்கு மாநிலத்து ரென்சிலர் நிறுவன ஆய்வாளர்கள், அவ்வொழுங்கிற்கு ஏற்ப விண்மீன் வடிவ டி.என்.ஏ. அமைப்பு ஒன்றை உருவாக்கி, அதன் பத்து இடங்களில் டெங்குப் புரதத்தைப் பற்றும் இழைகளை வைத்தனர். ஓரிடத்துப் பிடி வலுவற்றது. பத்திடங்களும் ஒருங்கே பற்றும்போது வலுப்பெறும். பற்றியவுடன் அமைப்பு ஒளிரும். நச்சுயிரியின் உள்ளிருக்கும் மரபுப்பொருளை வெளியேற்றாமலே முழு நச்சுயிரியையும் இவ்வாறு அறிய இயலும் என்பது இதன் சிறப்பாகும்.

இவற்றோடு ஒத்த மற்றொரு முயற்சியும் ஈண்டு நினைக்கத்தக்கது. பிரேசில் நாட்டில் ஜிகா பரவிய நிலையில், 2016-இல் கீத் பார்டி, சேம்சு காலின்சு முதலியோர் ஆர்.என்.ஏ.யாலான திறவிகளை உலரவைத்துக் காகிதத்தில் பதித்தனர். ஜிகா இருப்பின் காகிதத்தின் மஞ்சள் நிறம் கருஞ்சிவப்பு நீலமாக மாறும். உலர்ந்த காகிதமாதலின் குளிர்பதனப் பெட்டியின்றியே எடுத்துச்செல்லலாம். பேல்சர் போன்ற ஊர்களுக்கு வேண்டுவது இத்தகைய எளிமையே.

5. இந்திய முயற்சிகள்

டி.என்.ஏ.யைக் கருவியாக்கும் துறையில் இந்தியப் பங்களிப்பும் உண்டு. சென்னை மகளிர் கிறித்துவக் கல்லூரியில் வேதியியல் பயின்ற யமுனா கிருட்டிணன், பெங்களூர்த் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் பணியாற்றியபோது, உயிரணுவின் உள்ளே அமிலத்தன்மையை அளக்கும் டி.என்.ஏ. கருவி ஒன்றை 2009-இல் வெளியிட்டார். அது தொற்றுநோய்க்கென ஆக்கப்பெற்றதன்று. எனினும் டி.என்.ஏ. கருவி சோதனைக் குழாயின் வெளியே, உயிருள்ள சூழலிலும் செயற்படும் என்பதைக் காட்டியது.

2020-இல் தில்லி மரபணுவியல் மற்றும் ஒருங்கிணைந்த உயிரியல் நிறுவனத்தைச் சேர்ந்த தேவச்சோதி சக்கரவர்த்தி, சௌவிக் மைத்தி ஆகியோரின் குழு, கொரோனாவுக்கெனக் காகிதப்பட்டைச் சோதனை ஒன்றை உருவாக்கியது. சத்தியசித்து ரே படைத்த துப்பறிவாளரின் பெயரால் அது பெலூடா எனப்பெற்றது. கேசு-9 என்னும் புரதம், வழிகாட்டும் ஆர்.என்.ஏ.யின் துணையால் நச்சுயிரிக்குரிய வரிசையைத் தேடிப் பற்றும். பட்டையில் கோடு தோன்றும். அவ்வாண்டு செப்டம்பரில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. ஆயினும் பட்டையில் இடுமுன் மரபுப்பொருளைப் பி.சி.ஆர். முறையால் பெருக்க வேண்டியிருந்தது.

சோதனை நோயாளியை நோக்கிச் சென்றதற்கு நிபா நோயே நல்ல எடுத்துக்காட்டு. 2018 மே மாதத்தில் கோழிக்கோட்டில் நிபா தோன்றியபோது முதல் நோயாளி பெயரறியா நோயால் இறந்தார். அடுத்து நோயுற்றோரின் மாதிரிகள் மணிப்பாலிலும் புனேயிலும் ஆராயப்பெற்ற பின்னரே நிபா உறுதியாயிற்று. அதற்குள் மருத்துவமனைகளில் நோய் பரவியிருந்தது. செவிலியர் ஒருவரும் இறந்தார். 2021 செப்டம்பரில் அம்மாவட்டத்தில் மீண்டும் நிபா கண்டபோது, புனே நிறுவனத்தார் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியிலேயே சோதனைக் கூடம் அமைத்தனர். மின்கலத்தால் இயங்கும் சிறு பி.சி.ஆர். கருவியும் அங்குப் பயன்பட்டது. 2023-இல் ஊர்தியில் அமைந்த நடமாடும் ஆய்வகம் ஒன்று கோழிக்கோட்டுக்கு அனுப்பப்பெற்றது. இவை டி.என்.ஏ. நானோ அமைப்புகள் அல்ல. எனினும் அத்தொழில்நுட்பம் எத்தேவைக்கு விடையாக அமைய வேண்டும் என்பதை இவை தெளிவுறுத்துகின்றன.

6. தடைகள்

ஆய்வகத்தில் வெற்றி பெற்ற டி.என்.ஏ. அமைப்புகளுள் பெரும்பாலானவை இன்னும் மருத்துவமனைப் பயன்பாட்டை எட்டவில்லை. இதற்குக் காரணங்கள் சில உள.

குருதியில் டி.என்.ஏ.யைச் சிதைக்கும் நொதிகள் இயல்பாகவே உண்டு. ஒரிகாமி அமைப்புகள் பல நிலைபெற மக்னீசிய அயனிகள் தேவை. குருதியில் அவற்றின் அளவு குறைவு. தூய நீரில் நன்கு செயற்படும் அமைப்பு குருதியிலோ சளியிலோ தடுமாறுதல் இதனாலேயே.

நோயின் தொடக்கத்திலும் முடிவிலும் நச்சுயிரியின் அளவு மிகக் குறைவாக இருக்கும். பி.சி.ஆர். முறை சிலவற்றையும் பெருக்கிக் காட்டும். நொதியின்றி இயங்கும் சங்கிலித் தொடர்கள் அந்நுண்மையைப் பொதுவாக எட்டுவதில்லை. மேலும், தூண்டும் இழை இல்லாமலே கொண்டை ஊசிகள் சில தாமே திறந்துகொள்வதும் உண்டு. அதனால் இல்லாத நோய் இருப்பதாகத் தோன்றும்.

நச்சுயிரிகள் தம் எழுத்துகளை மாற்றிக்கொள்வன. இன்று பொருந்தும் இழை நாளை பொருந்தாமற் போகலாம். மாற்றத்தைத் தொடர்ந்து கண்காணித்து இழைகளைத் திருத்தி எழுத, நச்சுயிரிகளைச் சேமித்து வரிசை காணும் மைய நிறுவனம் ஒன்று இன்றியமையாதது. புதிய சோதனை சரியானதா என்பதை ஒப்பிட்டுக் கூறவும் அத்தகைய நிறுவனமே வேண்டும். ஆகவே சோதனை ஊர்தோறும் சென்றாலும் புனேயின் பணி குறைவதில்லை; அதன் இயல்பு மாறுகின்றது. எல்லா மாதிரிகளையும் தானே ஆராய்ந்த நிறுவனம், பிறர் செய்யும் சோதனைகளின் தரத்தை அளக்கும் உரைகல்லாக அமையும்.

சோதனையின் பிழைக்கு விலை உண்டு என்பதும் மறக்கத்தக்கதன்று. ஜிகா இல்லாத கருவுற்ற பெண்ணிடம் அது இருப்பதாகக் கூறினால் அவர் அடையும் துன்பம் பெரிது. இருப்பதை இல்லை என்றால் கண்காணிப்பு தவறிவிடும். எனவே எளிய சோதனை ஐயத்தை எழுப்பவும், வலிய சோதனை அதனை உறுதிசெய்யவும் பயன்படுதல் வேண்டும். இவ்விரு படிகளும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல.

முடிவுரை

சுண்டெலிக் குஞ்சுகளைக் கொண்டு கிழமைக்கணக்கில் காத்திருந்த நிலையிலிருந்து, எதிர்ப்பொருள் வழியாகவும் பி.சி.ஆர். வழியாகவும் சில மணி நேரத்தில் விடை காணும் நிலைக்கு நோயறிதல் வளர்ந்துள்ளது. ஆயின் மாதிரி தொலைவிடம் சென்று திரும்பும் காலம் இவ்வளர்ச்சியின் பயனைக் குறைக்கின்றது. நான்கு எழுத்துகளின் பொருத்த விதியை அடிப்படையாகக் கொண்ட டி.என்.ஏ. நானோ தொழில்நுட்பம், சூடாக்கும் கருவியோ குளிர்பதனமோ இன்றி நோயாளியின் அருகிலேயே விடை காண வழிகாட்டுகின்றது. குருதியில் நிலைத்தல், நுண்ணிய அளவையும் உணர்தல், தவறான விடையைத் தவிர்த்தல் ஆகிய மூன்றும் கைகூடினால் அவ்வழி நடைமுறைக்கு வரும்.

பேல்சரில் மூன்று நோய்கள் ஒரே காய்ச்சலாகத் தோன்றின. அவற்றைப் பிரித்தறியப் புனே நிறுவனத்தார் அவ்வூருக்குச் செல்ல முடிந்தது. அவ்வூர் புனே மாவட்டத்திலேயே இருந்தமையால் அது எளிதாயிற்று. ஆய்வகத்துக்கு அண்மையில் வாழாத கருவுற்ற பெண் ஒருவரும் தம் காய்ச்சலின் பெயரை உரிய காலத்தில் அறிய இயலுமா என்பதே இத்தொழில்நுட்பத்தின் பயனை அளக்கும் உண்மையான அளவுகோலாகும்.